ஏறிப்போக முடியாத ரயில்

அம்பாறைக் கரையோரத்தில் ஓரடித் தண்டவாளமும் கிடையாது. கொழும்புக் கோட்டையில் புறப்படும் உதயதேவி ரயில் மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று ஊர் ஊராகத் தாண்டிக் கோமாரிக்கு வர ஏறக்குறைய 90 கிலோமீற்றர், பஸ்தான் வழி. பாதையைப் பொத்துவில் வரை நீட்ட வேண்டும் என்ற கோரிக்கை காலத்துக்குக் காலம் எழுகிறது, பிறகு அடங்கிவிடுகிறது. இப்படிப்பட்ட கரையில், தொழிலும் குடும்பமும் உள்ள ஒருவர் மேசை மேல் சின்னத் தண்டவாளம் பதித்து, சாண் நீள ரயிலை ஓடவிட்டு மகிழ்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இஸ்லாமிய மார்க்கம் அதை எப்படிப் பார்க்கும்? இதை அற்பக் கேள்வி என்று ஒதுக்க முடியாது. ஆயுளை எதில் கழித்தாய், செல்வத்தை எப்படிச் சேர்த்து எதில் செலவிட்டாய் என்ற இரண்டுக்கும் மறுமையில் பதில் சொல்லியாக வேண்டும் என்று நம்புகிற சமூகம் நாம். மாதிரி ரயில் நேரத்தையும் தின்னும், காசையும் தின்னும். ஆகவே அதன் மீதான குற்றச்சாட்டை முழுப் பலத்தோடு எடுத்துக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு விளையாட்டை அதனால் வரும் வருமானத்தையோ பயனையோ வைத்து நிறுக்கக் கூடாது. அது உள்ளத்தை மறதியில் தள்ளுகிறதா விழிக்க வைக்கிறதா, மற்றவருக்கு இடம் விடுகிறதா இல்லையா என்று பார்க்க வேண்டும். அந்தத் தராசில் பகிர்ந்து ஆடப்படும் மாதிரி ரயில் தேறும். பூட்டி வைக்கப்படும் மாதிரி ரயில் தேறாது.

மாதிரி ரயில் மேற்கிலிருந்து வந்த பணக்காரப் பழக்கம் என்ற எண்ணம் பாதிதான் சரி. 1891இல் ஜேர்மனியின் மேர்க்லின் நிறுவனம் லைப்சிக் சந்தையில் எட்டு வடிவத் தண்டவாளத்தை வைத்து, அளவுகளை நிர்ணயித்து விற்கத் தொடங்கியது. 1920இல் இங்கிலாந்தில் பிராங்க் ஹோர்ன்பி தன் முதல் ரயிலை விற்பனைக்கு விட்டார். பிறகு உண்மையில் எண்பத்தேழில் ஒரு பங்கு என்ற அளவு உலகெங்கும் பரவியது. இது அவர்களுடைய வரலாறு. ஆனால் ஊர்தியைச் சிறிதாக்கி மகிழும் வழக்கம் தமிழில் அதைவிட மிகப் பழையது. பெரும்பாணாற்றுப்படையில் தச்சர்கள் பிள்ளைகள் ஆசைப்படும்படி செய்து கொடுத்த சிறுதேர் வருகிறது. யாரும் ஏறிப்போக முடியாத தேர் அது. பட்டினப்பாலையில் மூன்று சக்கரச் சிறுதேர் ஒன்று வருகிறது. காயும் தானியத்தைத் தின்ன வந்த கோழி மீது பெண்கள் எறிந்த காதணி, அந்தத் தேரின் வழியில் கிடந்து தடுக்கிறது. பிள்ளைத்தமிழில் ஆண்பாலுக்குரிய கடைசிப் பருவமே சிறுதேர்ப் பருவம்தான். நபிகள் நாயகத்தைக் குழந்தையாக வைத்துப் பாடிய முஸ்லிம் புலவர்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்து உண்டு. செய்யிது அனபியா புலவர் அவர்களில் ஒருவர். தமிழ் முஸ்லிமின் பக்தி இலக்கியம் விளையாட்டைக் கண்டு கூசி ஒதுங்கியதில்லை. ஈழத்துத் தமிழ் ஊர்களில் பிள்ளைகள் உதிர்ந்த குரும்பட்டியில் ஈர்க்குக் குத்திச் செய்யும் தேரும் இந்த வரிசையில் வருவதுதான். தேர் போன இடத்தில் ரயில் வந்திருக்கிறது, அவ்வளவே.

இனி மார்க்க ஆதாரங்கள். பலரும் எடுத்துக் காட்டுவது நபி (ஸல்) அவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளை. அவற்றின் நடுவே இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்ததும், குதிரைக்கு ஏது இறக்கை என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதும், சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததாக நீங்கள் கேள்விப்படவில்லையா என்ற மறுமொழியைக் கேட்டு அவர்கள் கடைவாய்ப் பல் தெரியச் சிரித்ததும் அபூதாவூதில் பதிவாகியிருக்கின்றன. எனக்கு இதைவிடக் கனமாகத் தெரிவது ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அறிவிக்கும் செய்தி. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஆஷூரா நோன்பைப் பிள்ளைகளுக்கும் பழக்கிய அந்தத் தாய்மார், பசியில் அழும் பிள்ளைகளுக்குக் கம்பளியால் விளையாட்டுப் பொருள் செய்து கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம் வரை அவர்களைத் தேற்றினார்கள். இங்கே பொம்மையைச் செய்த கை வளர்ந்தவரின் கை. செய்த நேரம் வணக்கத்தின் நேரம். நோக்கம், இன்னொருவர் அந்த வணக்கத்தைத் தாங்கிக்கொள்ள உதவுவது. விளையாட்டும் வழிபாடும் ஒன்றையொன்று கெடுப்பவை என்று எண்ணுபவர் இந்த ஒரு செய்திக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளுக்கு அனுமதித்ததைப் பெரியவர் தனக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று உடனே கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பள்ளிவாசல் முற்றத்தில் ஈட்டி விளையாடிய அபிசீனியர்கள் பிள்ளைகள் இல்லை; அவர்களை விளையாட விட்டதுமல்லாமல், ஆயிஷா (ரலி) சலிக்கும் வரை நின்று பார்க்க இடம் கொடுத்தவர் நபி (ஸல்) அவர்கள். வீட்டுக்குப் போனால் மனைவி மக்களோடு எல்லாம் மறந்துவிடுகிறதே, நான் நயவஞ்சகன் ஆகிவிட்டேனா என்று அஞ்சி வந்த ஹன்ழலா (ரலி) அவர்களுக்குக் கிடைத்த பதிலும், அதற்கென்று ஒரு நேரம், இதற்கென்று ஒரு நேரம் என்ற பொருளில்தான் அமைந்தது. இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யா நூலில் இரண்டு இடங்களில் இதை ஆராய்கிறார். ஓதி முடித்த பிள்ளையை நல்ல விளையாட்டு விளையாட விட வேண்டும், ஓயாமல் ஓதவைத்தால் அதன் உள்ளம் செத்துப்போகும் என்கிறார் ஓரிடத்தில். இசை கேட்பதைப் பற்றிய பகுதியில், விளையாட்டு உள்ளத்துக்கு ஓய்வு, அதுவே உழைப்புக்குத் துணை என்று வளர்ந்தவருக்கும் சேர்த்து வாதிடுகிறார். கூடவே ஓர் எச்சரிக்கையும் வைக்கிறார்: அது மருந்துபோல, அளவோடு கொள்ள வேண்டியது.

எதிர்ப்பவர் கையில் உள்ள வலுவான ஆதாரம் வேறொன்று. அம்பெய்தல், குதிரை பழக்குதல், மனைவியோடு விளையாடுதல் ஆகிய மூன்றைத் தவிர மனிதன் பொழுதுபோக்கும் எல்லாமே வீண் என்ற கருத்துள்ள ஹதீஸ் உண்டு. வீண் என்பது விலக்கப்பட்டது ஆகாது, பயனற்றது என்பதே அதன் அளவு என்று கஸ்ஸாலி விளக்குகிறார். நான் அந்த மூன்றின் இயல்பையும் கவனிக்கச் சொல்வேன். குதிரையும் மனைவியும் தனக்கு வெளியே நிற்கும் உயிர்கள். அவற்றின் மனம் அறியாமல் அந்த விளையாட்டு நடக்காது. அம்புக்குக் கண்ணும் கையும் மூச்சும் ஒன்றுபட வேண்டும். மூன்றிலும் மனிதன் தன்னை விட்டு வெளியே வருகிறான், கவனத்தைக் கூர்மையாக்குகிறான். பெயரளவில் இந்த மூன்றில் சேராத, இயல்பால் அவற்றை ஒத்த செயல்கள் உலகில் எத்தனையோ உண்டு. ஹதீஸ் கண்டிப்பது உள்ளத்தை மழுங்கடித்து மணிக்கணக்கை விழுங்கும் பொழுதுபோக்கை என்று கொண்டால், இன்று அந்தக் கண்டனம் முதலில் போய் விழ வேண்டிய இடம் கைத்தொலைபேசித் திரை.

மாதிரி ரயில் கவனத்தைக் கூர்மையாக்குமா? அந்த வேலை நடக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். எண்பத்தேழில் ஒரு பங்கு என்ற அளவில் ஒரு கிலோமீற்றர் பாதைக்குப் பதினொரு மீற்றருக்கு மேல் நீளம் வேண்டும். எந்த வீட்டு அறையிலும் அது அடங்காது. ஆகவே செய்பவர் எதை விடுவது, எதை வைப்பது என்று தீர்மானித்தாக வேண்டும். அதைத் தீர்மானிக்க உண்மையான இடத்தை முன்னர் பாராத அளவுக்குப் பார்த்தாக வேண்டும். வாய்க்கால் கட்டில் மண் என்ன நிறம், மாரிக்குப் பிறகு அது எப்படி மாறுகிறது, வயலோரத்து மருதமரம் எந்தப் பக்கம் சாயும், பழைய தகரக் கூரையில் துரு எங்கே முதலில் பிடிக்கும்? படைப்பை உற்றுப் பார்க்கச் சொல்லும் வேதத்தை ஓதுகிறவருக்கு இது வெளியூர்ப் பழக்கமாகத் தோன்ற நியாயமில்லை. 1206இல் தியார்பக்கிர் அரசவையில் தன் பொறிகளின் நூலை முடித்த அல்ஜஸரி, யானை மேல் அமைத்த நீர்க்கடிகாரத்துக்கு வரைபடமும் அளவும் செய்முறையும் எழுதி வைத்தார். நேரம் காட்ட யானையும் பறவையும் தேவைப்பட்டிருக்காது. மகிழ்ச்சிக்காகவே அவை அங்கே இருக்கின்றன. அந்த மகிழ்ச்சியைப் பிறரும் செய்து பார்க்கட்டும் என்று அவர் எழுதி வைத்ததால்தான் இன்றும் அந்தப் பொறிகளை மீண்டும் கட்ட முடிகிறது.

உயிருள்ளவற்றின் உருவம் செய்வது பற்றிய தடை நேரடியான தடை. அதைச் சுற்றி வளைத்துக் கடக்கக் கூடாது. உருவம் செய்து பிழைத்த ஒருவருக்கு இப்னு அப்பாஸ் (ரலி) சொன்ன வழி தெளிவானது: செய்துதான் ஆகவேண்டுமென்றால் மரங்களையும் உயிரற்றவற்றையும் செய். மாதிரி ரயிலில் பெரும்பகுதி அப்படியே மரமும் கல்லும் பாலமும் இயந்திரமும்தான். மேடையில் நிற்கும் விரல்நுனி உயர மனிதர்கள் பற்றியே கேள்வி எழும். விளையாட்டுப் பொருளுக்கு விலக்கு உண்டு என்பவர்கள் பலர்; அந்த விலக்கு பின்னர் நீங்கியது என்றவர்களும் உண்டு. பேணுதலாக இருக்க விரும்புபவர் மேடையை வெறுமையாக விடலாம், ரயில் ஓடத்தான் செய்யும். ஆனால் இந்தத் தடையின் உள்ளே இன்னும் ஆழமான அச்சம் ஒன்று இருக்கிறது. மனிதன் படைப்பாளனோடு போட்டியிடுகிறானா? வானங்களையும் பூமியையும் விளையாட்டாகப் படைக்கவில்லை என்று குர்ஆன் சொல்கிறது. இக்கரையின் சைவ அயலவர்கள் இறைவன் செயலைத் திருவிளையாடல் என்றே போற்றுகிறார்கள். இந்த இடத்தில் நம் பாதை வேறு. நம் பாதையில் நின்று பார்த்தால் விடை இதுதான்: படைத்தல் இறைவனுக்கே உரிய மெய்ச்செயல் என்பதால், மனிதன் சிறு உலகம் ஒன்றை ஆக்கும்போது அது விளையாட்டு என்று ஒப்புக்கொண்டு ஆக்குவதே அவனுக்குத் தகுந்த அடக்கம். சிலை வணக்கம் கேட்கலாம். மேசை ரயில் தன்னை மேசை ரயில் என்றே சொல்லிக்கொள்கிறது. இதில் உயிர் இல்லை, என்னால் ஊதவும் முடியாது என்பது சுவிட்சை அணைக்கும் ஒவ்வொரு முறையும் செய்தவருக்குத் தெரிகிறது.

பகிர்வு என்பதை இந்தப் பொழுதுபோக்குக்கு வெளியிலிருந்து ஒட்டவைத்த நல்லொழுக்கமாக நான் கருதவில்லை. ரயில் என்ற பொருளிலேயே அது இருக்கிறது. கார் ஒருவருடையது, ரயில் எவருடையதும் அல்லாத, எல்லோருடையதுமான ஊர்தி. 1900இல் தொடங்கி 1908இல் மதீனாவை அடைந்த ஹிஜாஸ் ரயில் பாதைக்கு, அதில் ஒருநாளும் ஏறப்போகாத முஸ்லிம்கள் இந்தியா உட்பட எத்தனையோ நாடுகளிலிருந்து நன்கொடை அனுப்பினார்கள். ஒற்றைத் தண்டவாளப் பாதையில் இந்தப் பகிர்வு இன்னும் தெளிவு. இலங்கையின் ஒற்றைப் பாதைகளில் நெடுங்காலமாக டப்லட் முறை இருந்து வருகிறது. 1874இல் இங்கிலாந்தின் நோர்விச் அருகே தோர்ப்பில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதிய பிறகு, 1878இல் எட்வர்ட் டையர் அமைத்த பொறி அது. இரு நிலையங்களுக்கு இடையே ஒரு நேரத்தில் ஓர் உலோக வட்டைதான் வெளியே வரும். அது கையில் இல்லாத சாரதி அந்தத் துண்டுப் பாதைக்குள் நுழையக் கூடாது. அடுத்த நிலையத்தில் அதைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் எதிரே காத்திருப்பவருக்கு வழி. அமானிதம் என்று மிம்பர்களில் விளக்கப்படுவதை இரும்பிலே வார்த்ததுபோல இருக்கிறது. மாதிரி ரயிலை முறையாக ஓட்டுபவர்கள் இதையும் சேர்த்தே ஓட்டுகிறார்கள்: ஒருவர் நிலைய அதிபர், ஒருவர் சாரதி, ஒருவர் கட்டுப்பாட்டாளர், கையில் நேர அட்டவணை. தனியாள் ரயிலைச் சுற்றவிடலாம். ஒரு பாதையை இயக்க ஆட்கள் வேண்டும். 1946இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தொடங்கிய மாணவர் மாதிரி ரயில் கழகத்தில் சிக்னலையும் மின்சாரத்தையும் கவனித்த பிள்ளைகளில் சிலர்தான், பின்னால் கணினியில் எழுதியதை ஒளிக்காமல் பகிரும் பண்பாட்டின் முன்னோடிகளானார்கள்.

பகிர்வு பெருமைக்கு வழியாகாதா என்ற கேள்வி நியாயமானது. காட்டிக்கொள்ளும் நோக்கம் தர்மத்தையே அழித்துவிடும் என்றால் பொம்மை எம்மாத்திரம்? ஆனால் காட்சிக்கு வைப்பது வேறு, கையில் கொடுப்பது வேறு. கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்க விடுபவர் பாராட்டைச் சேர்க்கிறார். கட்டுப்பாட்டுக் குமிழைப் பிள்ளையின் விரலில் கொடுப்பவர், ரயில் கவிழக்கூடும் என்று தெரிந்தே கொடுக்கிறார். ஹம்பர்க்கில் ஃப்ரெடரிக் பிரவுன், கெரிட் பிரவுன் என்ற இரட்டையர் 2001இல் திறந்த மினியாத்தூர் வுண்டர்லாண்ட் உலகின் மிகப்பெரிய மாதிரி ரயில் உலகம். அங்கே பார்வையாளர் அழுத்தி இயக்கப் பொத்தான்கள் ஏராளம். ஆண்டின் தொடக்க வாரங்களில், என்னால் கட்டணம் கட்ட முடியாது என்று வாயால் சொன்னவரைச் சான்று கேட்காமல் உள்ளே விடும் வழக்கமும் அங்கே உண்டு. வாங்குபவரின் மானத்தைக் காக்கும் ஸதகாவின் ஒழுங்கைப் பொழுதுபோக்கு நிலையம் ஒன்று கடைப்பிடிப்பது எனக்கு மதிப்பைத் தருகிறது. நமக்கு அருகே பூனேயில் பாவ் ஜோஷி தன் வாழ்நாள் ஆசையை 1998இல் பொதுமக்களுக்கான சிற்றளவு ரயில் காட்சியகமாகத் திறந்துவிட்டார். ஒருவரின் அறையில் முடிந்துபோகக்கூடிய பொருள் ஊர்ப் பிள்ளைகளுக்கு உரியதாயிற்று.

காசைப் பற்றி இவ்வளவு போதும்: கடன்பட்டோ, வீட்டாரின் உரிமையைக் குறைத்தோ, ஸகாத்தைத் தள்ளிப்போட்டோ வாங்கப்படும் இயந்திரம் வீண்விரயம்தான். அதில் வாதிட ஒன்றுமில்லை. ஆனால் வெளிநாட்டுப் பெட்டியில் வருவது மட்டுமே மாதிரி ரயில் என்பது வியாபாரிகள் நமக்குப் பழக்கிய எண்ணம். டின்மீன் பேணி, காட்போட் மட்டை, ஐஸ்பழக் குச்சி, பழைய ரேடியோவின் கம்பி, பழுதான பொம்மைக் காரின் மோட்டார் ஆகியவற்றிலிருந்து தொடங்க முடியும். கைத்தறியில் நூலின் நுணுக்கம் அறிந்த மருதமுனையும், தோணி பழுதுபார்க்கும் கைகளும் உள்ள கரையில் கைத்திறனுக்கா பஞ்சம்?

எல்லாவற்றிலும் கடினமான மறுப்பு கடலிலிருந்து வருகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் மிக அதிகம் பேரைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். கோமாரி, காரைதீவு, சாய்ந்தமருது, மருதமுனை எங்கும் அலை புகுந்தது. அதே காலையில் தெற்கே பெரலியவில் ஒரு ரயிலே ஆயிரத்துக்கு மேற்பட்டவரோடு அள்ளப்பட்டது. இதைக் கண்ட மக்கள், கடல் ஒருநாளும் எழாத, யாரும் சாகாத சின்ன உலகம் ஒன்றைச் செய்து அதற்கு அதிபதியாக உட்காருவது தன்னை ஏமாற்றுவதாகாதா? ஆகலாம். அந்த உலகத்தை மெய்யுலகத்துக்கு மாற்றாக எடுத்துக்கொண்டால் கட்டாயம் ஆகும். ஆனால் மாதிரி செய்பவர்கள் பெரும்பாலும் ஓடி ஒளிவதில்லை. இல்லாமல் போனவற்றைத் தேடிப் போகிறார்கள். 1990இல் நின்று 2014இல் யாழ்ப்பாணம் திரும்பிய யாழ்தேவியின் பாதையையோ, அகலப் பாதையாக மாற்றப்பட்ட களனிவெளிக் குறும்பாதையையோ சிறிதாகச் செய்ய விரும்புபவர் பழைய படங்களைத் தேடியும் முதியவர்களிடம் கேட்டும் அளந்தாக வேண்டும். இழந்த கரையொன்றின் பழைய தெருவை அளவோடு செய்து வைப்பதும் அத்தகைய வேலைதான். அதன் முன் நிற்கும் பெரியவர் இது எங்கள் வளவு, இது கிணறு என்று காட்டும்போது பேரப்பிள்ளைக்குக் கிடைக்கும் செய்தியை எந்த நினைவுத் தூணும் தராது. நிலையாமையை அறிந்தவரே நினைவை இவ்வளவு கவனமாகச் செய்வார்.

1970களில் கலிபோர்னியாவில் என்ட்ரக் என்றொரு முறை உருவாகிப் பரவியது. ஒவ்வொருவரும் தம் வீட்டில் ஒரு பலகைத் துண்டு நிலக்காட்சி செய்வார்கள்; பலகையின் உயரம், விளிம்பில் தண்டவாளம் வர வேண்டிய இடம், மின்இணைப்பு ஆகிய மூன்றை மட்டும் எல்லோரும் ஒரேமாதிரி வைப்பார்கள். கூடும் நாளில் பலகைகளைப் பொருத்தினால் நீண்ட பாதை ஒன்று பிறக்கும். விளிம்புக்கு உள்ளே அவரவர் ஊர், அவரவர் விருப்பம். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும், பிரதேச செயலகப் பிரச்சினைக்காகக் கல்முனையில் உண்ணாவிரதம் வரை போன இந்தக் கரைக்கு இதைவிடப் பொருத்தமான மாதிரி ரயில் இருக்க முடியாது. இதுவரை வராத மட்டக்களப்பு-பொத்துவில் பாதையைப் பாடசாலைப் பிள்ளைகள் பலகை பலகையாகச் செய்யட்டும். காரைதீவுப் பலகையில் தேரோடும் வீதி இருக்கும், கோமாரிப் பலகையில் களப்பும் பாலமும், பொத்துவிலில் மினாரா. ஒரு பலகையின் மேடையில் மனிதர் நிற்பார்கள். அடுத்ததில் பேணுதல் கருதி ஒருவரும் இருக்க மாட்டார்கள். எவரும் மற்றவர் பலகைக்குள் கைவைக்கத் தேவையில்லை, ரயில் இரண்டையும் கடந்து போகும். விளிம்பில் ஒத்திருக்க வேண்டிய அந்த மூன்றை மட்டும் எல்லோரும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும்; அந்தக் கூட்டத்தை எந்த ஊர்ப் பாடசாலை முதலில் கூட்டினாலும் நல்லது.